'தாயும் சேயும் நலம்'... அப்புறம்? கடினமான பிரசவத்துக்குப் பின் உதவி எங்கே கிடைக்கும், பட்ட நன்றியை எப்படித் திருப்பித் தரலாம்?

பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு வரும் முதல் செய்தி, "தாயும் சேயும் நலம்". அடுத்த நிமிடமே அது வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய்விடும். சர்க்கரை கொடுப்பார்கள், ஜாதகத்துக்கு நேரம் குறிப்பார்கள், யார் சாயல் என்று பேச்சு தொடங்கிவிடும்.

ஆனால், உள்ளே படுத்திருக்கும் பெண்ணுக்கு என்ன நடந்தது என்பது அந்த மூன்று சொற்களில் இருக்காது. ரத்தப்போக்கு நிற்காமல் நினைவு தப்பியிருக்கலாம். ஜன்னி வந்திருக்கலாம். கடைசி நிமிடத்தில் அவசரமாக ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். குழந்தை அழாமல் போய், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 'பெட்டியில்' வைக்கப்பட்டிருக்கலாம். உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ராத்திரி அவளை விடாது. சொல்ல வாயெடுத்தால், "குழந்தை நல்லா இருக்குல்ல, அதைப் பாரு" என்ற பதில் வரும்.

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கும் பாபநாசம் பகுதிக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. கருவைக் காக்கும் அம்மன் என்று வணங்கப்படும் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்ள பல ஊர்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். பிரசவத்துக்கு முன் வேண்டுதல் உண்டு, பின் நன்றி செலுத்துதலும் உண்டு. நடுவில் காயப்பட்ட மனசுக்கு என்ன உண்டு? எங்கே உதவி கேட்கலாம்? மீண்டு வந்தவர்கள் அடுத்த தாய்க்கு எப்படிக் கைகொடுக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

'அதிர்ச்சி தந்த பிரசவம்' என்றால் என்ன?

மருத்துவக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. "நான் செத்துடுவேன்", "என் குழந்தை போயிடும்" என்று அந்தப் பெண் உணர்ந்தாரா, தன் உடம்புக்கு என்ன செய்கிறார்கள் என்றே தெரியாமல் தவித்தாரா என்பதுதான் முக்கியம். மருத்துவர் கணக்கில் சாதாரணமாக முடிந்த பிரசவம்கூட ஒரு பெண்ணுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கலாம்.

அதிக ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தத்தால் வரும் ஜன்னி, அவசர சிசேரியன், ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், ஆழமாகக் கிழிந்து தையல் போட்டது, குறைமாதக் குழந்தை, குழந்தையின் இழப்பு ஆகியவை முக்கியக் காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு. வலியில் கத்தும்போது அதட்டுவது, சம்மதம் கேட்காமல் பரிசோதிப்பது, மறைப்புத் திரை இல்லாமல் கிடத்துவது. பிரசவத்தின்போது பெண்களை அவமதிப்பதை நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டது.

உயிர் காப்பதில் முன்னேறிவிட்டோம், பிறகு என்ன குறை?

தமிழ்நாட்டின் சாதனை சின்னதல்ல. 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தில் 99.6% பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20 காலகட்டத்தில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது, தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்தது. அதே குடும்ப நல ஆய்வு சொல்லும் இன்னொரு எண்ணையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9% சிசேரியன்.

அதாவது, முன்பு உயிரிழந்திருக்கக்கூடிய பலர் இன்று பிழைத்து வீட்டுக்கு வருகிறார்கள். பிழைத்து வந்தவர்களின் மனநலத்தைப் பார்ப்பதுதான் அடுத்த கட்டம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பிரசவித்த பெண்களில் 100-க்கு சுமார் 4 பேருக்கு, போர், விபத்து போன்றவற்றுக்குப் பின் வரும் அதே 'பி.டி.எஸ்.டி' எனப்படும் அதிர்ச்சிப் பாதிப்பு வருகிறது. சிக்கலான பிரசவத்தைச் சந்தித்தவர்களில் இது இன்னும் பல மடங்கு அதிகம். இந்தியாவில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு சுமார் 22% தாய்மார்களுக்கு இருப்பதாக, 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான கட்டுரை ஒன்று சொல்கிறது.

எது சாதாரணம், எது ஆபத்து?

எல்லா அழுகையும் நோய் அல்ல. நான்கு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பிரசவமான சில நாட்களில் வரும் அழுகையும் எரிச்சலும். பெரும்பாலான பெண்களுக்கு இது வரும். இரண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும்.

இரண்டாவது, மனச்சோர்வு. இரண்டு வாரத்தைத் தாண்டியும் சோகம், எதிலும் ஆர்வமின்மை, "நான் நல்ல அம்மா இல்லை" என்ற எண்ணம், குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராமை ஆகியவை இருந்தால் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, அதிர்ச்சிப் பாதிப்பு. அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வரும். கெட்ட கனவு வரும். டெட்டால் வாசனையோ ஆம்புலன்ஸ் சத்தமோ போதும், நெஞ்சு படபடக்கும். தடுப்பூசி போடப் போக வேண்டிய மருத்துவமனைப் பக்கமே போகப் பிடிக்காது. குழந்தை மூச்சு விடுகிறதா என்று ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவை.

நான்காவது, அவசர நிலை. இரண்டு மூன்று நாளாகத் தூக்கமே இல்லை, இல்லாத குரல் கேட்கிறது, யாரோ குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்கிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வாக இருக்கலாம். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். "காத்து கறுப்பு" என்று மந்திரிக்க அலைந்து நாளைக் கடத்தக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்வேன் என்று சொன்னாலும் இதேதான். தனியாக விடக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

'பச்சை உடம்புக்காரி' என்று டெல்டா கிராமங்களில் ஒரு வார்த்தை உண்டு. குனியக் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கக் கூடாது, பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம் என்று உடம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு முறையே இருக்கிறது. அந்தப் பச்சை, மனசுக்கும் உண்டு என்பதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

"எங்க காலத்துல வயக்காட்டுலேயே பெத்துட்டு வந்தோம்" என்ற ஒப்பீட்டைத் தவிர்க்கலாம். "ரொம்ப பயந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் கேட்டாலே பெரிய உதவி. அதே நேரம், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் "என்ன நடந்துச்சுன்னு சொல்லும்மா" என்று கதை சொல்ல வைக்கவும் கூடாது. நடந்ததை மீண்டும் அனுபவிக்கும்படி ஒரே தடவையில் கட்டாயமாகப் பேச வைப்பது பலன் தராது என்பதால், அதைச் செய்ய வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. அவர் விரும்பும்போது, விரும்பும் ஆளிடம் பேசட்டும்.

பாபநாசம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில். மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ கணவர் வீட்டுக்குத் திரும்பும்போது, பார்த்துக்கொண்ட அம்மாவும் இல்லை, தெரிந்த கிராம சுகாதார செவிலியரும் இல்லை. புது ஊரின் செவிலியருக்கு நடந்தது தெரியாது. எனவே, டிஸ்சார்ஜ் சம்மரியை கையோடு கொண்டுபோய்க் காட்டி, "பிரசவம் இப்படி ஆச்சு, இன்னும் பயமா இருக்கு" என்று சொல்லிவிடுவது நல்லது.

கணவர்களும் பாதிக்கப்படலாம். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருந்தபடி போனில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, எதுவும் செய்ய முடியாமல் போனோமே என்ற குற்ற உணர்வு இருக்கும்.

உதவி எங்கே கிடைக்கும்?

* 14416: மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமின்றிப் பேசலாம்.

* 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி மற்றும் ஆலோசனை எண்.

* கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம்: முதலில் சொல்ல வேண்டிய இடம் இதுதான். மனச்சோர்வைக் கண்டறிய 10 கேள்விகள் கொண்ட 'எடின்பரோ' அளவுகோல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. தமிழிலும் அது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

* மாவட்ட மனநலத் திட்டம்: இதன் மனநல மருத்துவர் பக்கத்தில் எந்த மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று பாபநாசம் அரசு மருத்துவமனையிலோ கும்பகோணம் அரசு மருத்துவமனையிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மேல்சிகிச்சைக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அதிர்ச்சிப் பாதிப்புக்குப் பேச்சு வழிச் சிகிச்சைகள் நன்றாகப் பலன் தருகின்றன. மாத்திரை தேவைப்பட்டாலும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவை உண்டு. "மாத்திரை போட்டா பால் குடுக்கக் கூடாது" என்று தானாக முடிவெடுக்காமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மனநல மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து இருந்தால்தான் விதிவிலக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் தனிப் பிரிவு 2009 முதல் இருக்கிறது.

பலருக்கு ஆறுதல் தரும் இன்னொரு வழி, 'அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?' என்று தெரிந்துகொள்வது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி. மருத்துவரிடம் உட்கார்ந்து வரிசையாகக் கேட்டால், "என் தப்பாலதான் இப்படி ஆச்சு" என்ற எண்ணம் பல நேரங்களில் கரைந்துவிடும். அடுத்த பிரசவத்தைத் திட்டமிடவும் அது உதவும். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் உறவினரை அனுமதிக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே தொடங்கியது. அதை முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது?

பிரிட்டனில், இப்படிப் பாதிக்கப்பட்ட பெண்கள் சேர்ந்து 2004-ல் 'பர்த் ட்ராமா அசோசியேஷன்' என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார்கள். முன்பு அதே வலியைப் பட்டவர்கள் புதிதாக வருகிறவர்களிடம் பேசுகிறார்கள், நிதியும் திரட்டுகிறார்கள். 2023 அக்டோபரில் அந்நாட்டு எம்.பி. தியோ கிளார்க், தன் பிரசவத்தில் நடந்ததை நாடாளுமன்றத்திலேயே அழுதபடி சொன்னார். அதைத் தொடர்ந்து நடந்த விசாரணைக்கு 1,300-க்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினார்கள். 2024 மே மாதம் அறிக்கை வெளியானது. பக்கத்து மாநிலமான கேரளாவில் 'அம்ம மனசு' என்ற பெயரில் தாய்மார்களின் மனநலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது.

நன்றியை எப்படித் திருப்பித் தருவது?

திருக்கருகாவூர் தலபுராணம் இங்கே நினைவுக்கு வருகிறது. கர்ப்பிணியான வேதிகை சோர்ந்து கிடந்தபோது, வாசலுக்கு வந்த முனிவரைக் கவனிக்க முடியவில்லை. அவர் சாபத்தால் கரு கலைந்தது. அம்மன் அந்தக் கருவை ஒரு குடத்தில் வைத்துக் காத்தாள். பிறந்த குழந்தைக்குக் காமதேனு பால் கொடுத்தது என்கிறது கதை. கருவைச் சுமக்க ஒருத்தி, பால் கொடுக்க இன்னொருத்தி என, அந்தப் பிள்ளையைக் காக்க தாய்க்குத் துணை நின்றவர்கள் இருவர். குழந்தை பிறந்ததும் இங்கே வந்து தொட்டிலில் போட்டு, துலாபாரம் கொடுத்து நன்றி செலுத்துவது இன்றும் நடக்கிறது.

அந்த நன்றி மருத்துவமனைப் பக்கமும் போனதற்கு தஞ்சாவூரிலேயே சாட்சி உண்டு. பாபநாசத்திலிருந்து சிக்கலான பிரசவங்களை அனுப்பும் இடமான அரசு ராசா மிராசுதார் மருத்துவமனை, 19-ம் நூற்றாண்டில் அரச குடும்பத்தாரும் மிராசுதார்களும் கொடுத்த கொடையில் எழுந்தது. பெயரே அதைச் சொல்கிறது.

2020-ல் இதே மருத்துவமனை மீண்டும் பேசப்பட்டது. படப்பிடிப்புக்காகத் தஞ்சாவூர் வந்த நடிகை ஜோதிகா, இங்குள்ள மருத்துவமனையில் கண்ட நிலை தன்னை வருத்தியது என்றும், கோயிலுக்குக் கொடுப்பதுபோல பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கொடுங்கள் என்றும் விருது விழா ஒன்றில் பேசியிருந்தார். அந்த வீடியோ ஏப்ரலில் பரவி பெரும் சர்ச்சையானது. ஆகஸ்ட் மாதம், அவர் சார்பில் இந்த மருத்துவமனைக்கு ₹25 லட்சம் நன்கொடை வழங்கப்பட்டது.

₹25 லட்சம் எல்லோராலும் முடியாது. முடிந்ததைச் செய்ய வழிகள் உண்டு.

* தாய்ப்பால் தானம்: தஞ்சாவூர், திருச்சி உள்ளிட்ட 7 அரசு மருத்துவமனைகளில் 2015 ஆகஸ்ட்டில் தாய்ப்பால் வங்கிகள் திறக்கப்பட்டன. தானம் தருபவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட பரிசோதனை நடக்கும். பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, உறைய வைத்துப் பாதுகாப்பார்கள். எடை குறைந்து பிறந்த பிஞ்சுகளுக்கு அது மருந்துக்குச் சமம்.

* ரத்த தானம்: யாரோ கொடுத்த ரத்தத்தால் பிழைத்த தாய், உடனே திருப்பிக் கொடுக்க முடியாது. பிரசவமாகி 12 மாதம் வரையும், பால் கொடுக்கும் காலம் முழுவதும் தானம் செய்யக் கூடாது. கணவர், சகோதரர், நண்பர்கள் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

* நிதி திரட்டுதல்: முதல் பிறந்தநாள் விழாவில் பரிசுக்குப் பதில் ஒரு உண்டியல் வைக்கலாம். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து வைத்தே கடனை அடைத்தவர்கள், தொழில் தொடங்கியவர்கள் உண்டு. வயநாடு நிலச்சரிவுக்காக 2024-ல் திண்டுக்கல்லில் ஒரு உணவகம் மொய் விருந்து நடத்தி நிதி திரட்டியது. அதே வழியைப் பிரசவ வார்டுக்காகவும் செய்யலாம்.

பணத்தை எதற்குச் செலவிடுவது? மருத்துவமனையில் கேட்டுவிட்டுச் செய்வதே சரி. கட்டிலுக்குக் கட்டில் மறைப்புத் திரை, குழந்தையை நெஞ்சோடு அணைத்து உட்காரச் சாய்வு நாற்காலி, குழந்தை தீவிர சிகிச்சையில் இருக்கும்போது தினமும் பஸ் ஏறி வரும் தாய்க்கு வழிச்செலவு, துணைக்கு இருப்பவருக்குச் சாப்பாடு. இவை சின்னச் செலவுகள்தான். ஆனால் காயம் ஆழமாகாமல் தடுப்பவை.

நிதி திரட்டும்போது கவனிக்க வேண்டியவை

முதலில், நிஜமாகவே பணம் தேவையா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் பிரசவமும், சிசேரியனும், நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கான சிகிச்சையும் 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி இலவசம். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ₹18,000 மதிப்பிலான உதவியும் உண்டு. இதற்கெல்லாம் விண்ணப்பித்துவிட்டு, மீதிக்குத்தான் வசூல்.

பெட்டியில் கிடக்கும் குழந்தையின் படத்தையும் மயங்கிக் கிடக்கும் தாயின் படத்தையும் பகிர்ந்து பணம் கேட்கக் கூடாது. அந்தப் பெண் நினைவு திரும்பி, மனசு தெளிந்து சம்மதித்தால் மட்டுமே அவர் கதையைச் சொல்லலாம். ஒருமுறை பரவிய படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

அரசு மருத்துவமனைக்குக் கொடுப்பதென்றால் நோயாளர் நலச் சங்கம் வழியாகக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அறக்கட்டளைக்குக் கொடுத்து 80ஜி வரிச்சலுகை வேண்டும் என்றால் ₹2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் அறக்கட்டளைக்காக வசூலிக்கும்போது ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், அந்த அறக்கட்டளைக்கு 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இருக்க வேண்டும்.

கொடுத்தே ஆக வேண்டுமா?

இல்லை. மீண்டு வந்தவர் எல்லோரும் மேடையேறிக் கதை சொல்ல வேண்டும், நிதி திரட்ட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. மற்றவர் கதையைக் கேட்கும்போது தன் காயம் மறுபடி திறக்கிறது என்றால், ஒதுங்கி நிற்பதில் தவறில்லை. முதலில் சிகிச்சை, பிறகுதான் சேவை.

கொடுக்க விரும்புகிறவருக்குப் பணம் மட்டுமே வழி என்றும் இல்லை. அடுத்த தெருவில் ஒரு பெண் பிரசவமாகி வீட்டுக்கு வந்திருக்கிறார் என்றால், குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு போகும்போது, ஒரு கேள்வியையும் கொண்டுபோகலாம்: "குழந்தை இருக்கட்டும், நீ எப்படி இருக்கே?" பதில் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். 'தாயும் சேயும் நலம்' என்ற செய்தி அப்போதுதான் முழுசாக உண்மையாகும்.